சாட்பாட் பேசும் விதத்தில் அதைச் செய்தவரின் அனுபவம் தெரியுமா?

நன்றாகவே தெரியும். பழைய நிரல்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்ற நிரல் மனநல ஆலோசகர் மாதிரி பேசும். அவர் கணினி ஆள். உலக விஷயம் ஒன்றும் தெரியாத நிரலுக்கு எந்த வேடம் பொருந்தும் என்று பார்த்தார். "அம்மா ஞாபகமாகவே இருக்கிறது" என்றால், "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்று பந்தை நம் பக்கமே தள்ளிவிடும். நிரலுக்கு ஒன்றும் தெரியாது என்பதே நமக்குத் தெரியாது. கெட்டிக்காரத்தனம்தான்!

சில ஆண்டுகள் கழித்து ஸ்டான்ஃபோர்டில் கென்னத் கோல்பி செய்த பாரி என்ற நிரல் வேறு ரகம். கோல்பி மனநல மருத்துவர். டாக்டரை விட்டுவிட்டு, எதிரே உட்காரும், எல்லோரையும் சந்தேகப்படும் நோயாளியை நிரலாக்கினார். நோயாளிகளோடு பழகாத ஒருவருக்கு இது தோன்றியிருக்காது என்பது என் எண்ணம். உள்ளே பயம், கோபம், அவநம்பிக்கை மூன்றுக்கும் எண்கள் ஏறி இறங்கும். குதிரைப் பந்தயம் பற்றிப் பேசிக்கொண்டே வரும்; மாஃபியா என்ற பேச்சு எடுத்தால் தொனியே மாறிவிடும். உரையாடலை எழுத்தில் படித்த மனநல மருத்துவர்களாலேயே பாரியையும் நிஜ நோயாளியையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை. 1972-இல் பாரியையும் எலிசா வகை 'டாக்டர்' நிரல் ஒன்றையும் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் ஒன்றோடொன்று பேசவிட்டார்கள். முடிவில் டாக்டர் கேட்ட ஃபீஸ்: 399.29 டாலர்.