மோட்டார் ஓடுது, ஜாக் அசையல

கேள்வி: ட்ரெய்லரோட எலெக்ட்ரிக் ஜாக்ல பட்டனை அமுக்குனா மோட்டார் சத்தம் மட்டும் வருது, ஏறவும் மாட்டேங்குது இறங்கவும் மாட்டேங்குது. மோட்டாரை மாத்திடலாமா சார்?

பதில்: அவசரப்பட்டு மோட்டார் வாங்கிடாதீங்க, அது ஓடுதுன்னா ஃப்யூஸ், சுவிட்ச்ல கரண்ட் வருதுன்னு அர்த்தம். கை ஹேண்டிலை மாட்டி சுத்திப் பாருங்க, பிடிமானமே இல்லாம சும்மா சுத்துச்சுன்னா உள்ள கியரைப் பிடிச்சிருக்கிற பின் (சின்ன இரும்பு முளை) உடைஞ்சிருக்கும் இல்லேன்னா கியர் பல்லு தேஞ்சிருக்கும், அதை மட்டும் அதே மாடலுக்கு வாங்கி மாத்துனா போதும். ஆனா கழட்டுறதுக்கு முன்னாடி வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை, முன்பக்கம் ஸ்டாண்டு, பேட்டரி நெகட்டிவ் ஒயரை கழட்டுறது, இதுல எதையும் விட்டுடாதீங்க, வெயிட்டு கால் மேல இறங்குனா அவ்வளவுதான். பழைய கிரீஸை துடைச்சிட்டு புதுசு வைங்க. இன்னொண்ணு, நிறைய ஜாக்ல எர்த் (கரண்ட் பேட்டரிக்கு திரும்புற வழி) ஜாக்கை ட்ரெய்லர் ஃப்ரேம்ல பிடிச்சிருக்கிற போல்ட் வழியாத்தான் போகுது, திரும்ப மாட்டுறப்ப அங்க துருவை சுரண்டிட்டு மாட்டுங்க.