வீட்டிலேயே படித்த மூத்த மகளும் கல்லூரி விண்ணப்பமும்

அன்புள்ள சகோதரிக்கு,

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் அருகே வசிக்கும் உங்கள் குடும்பத்தில் 6 பிள்ளைகள் என்றும், அனைவரும் ஹோம்ஸ்கூல் எனப்படும் வீட்டுவழிக் கல்வியிலேயே படிக்கிறார்கள் என்றும், 16 வயதாகும் மூத்த மகள் வரும் ஆகஸ்டில் பதினொன்றாம் வகுப்புக்குச் செல்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேலூரில் செவிலியர் படிப்பை முடித்த உங்களைப் போலவே அவளும் செவிலியராக விரும்புகிறாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளையை எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும் என்று பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் தாயார் தொலைபேசியில் கேட்கும் கேள்வி இப்போது உங்கள் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

தாயாருக்குச் சொல்ல வேண்டிய பதில் எளிது. வீட்டில் முறையாக நடத்தப்படும் பள்ளியும் தனியார் பள்ளியே என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1994-இல் லீப்பர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகியவற்றை ஒரு பாடத்திட்டத்தின்படி உண்மையாகவே கற்பித்தால் போதுமானது. அரசிடம் பதிவு செய்ய வேண்டியதில்லை, மாநிலத் தேர்வும் இல்லை. இப்படிப் படித்தவர்களை மற்ற விண்ணப்பதாரர்களுக்குரிய அதே பொது அளவுகோலால்தான் மாநில அரசின் பல்கலைக்கழகங்கள் மதிப்பிட வேண்டும் என்பது அங்கே சட்டம். உயர்நிலைப் படிப்பை முடித்ததற்குப் பெற்றோர் கையொப்பமிட்டு வழங்கும் டிப்ளமோ சான்றிதழே போதும்.

ஆனால், அரசு எதையும் கேட்காததால் எதையும் எழுதி வைக்காத குடும்பங்கள் பல உண்டு. உங்கள் கடிதத்தைப் பார்க்கும்போது உங்கள் வீடும் அவற்றில் ஒன்று எனத் தோன்றுகிறது. சேர்க்கை அலுவலர் உங்கள் சமையலறை மேசையைப் பார்க்கப் போவதில்லை. அவர் பார்ப்பது தாள்களை மட்டுமே.

மகளுடைய ஒரு நாளை நீங்கள் விவரித்திருப்பதைக் கவனமாகப் படித்தேன். காலை 6 மணிக்குக் குடும்ப ஜெபம், பிறகு எல்லோருக்கும் காலை உணவு, பாத்திரங்கள், துணி. எட்டரை மணிக்கு 7 வயதுத் தம்பிக்கு வாசிப்பு, 10 வயதுத் தங்கைக்குப் பின்னக் கணக்கு. 11 மணிக்கு மேல்தான் அவளுடைய இயற்கணிதமும் வேதியியலும். கைக்குழந்தை உறங்கும் வேளையில் கட்டுரை எழுதுதல். செவ்வாய்க்கிழமைகளில் சில குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கோ-ஆப் வகுப்பு, சனிக்கிழமை பாடகர் குழுவின் பயிற்சி, ஞாயிறு பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம். இவ்வளவு செய்தும் விண்ணப்பத்தில் எழுத ஒன்றுமில்லையே என்று வருந்துகிறீர்கள். எழுதுவதற்கு நிறையவே இருக்கிறது. ஆனால் இந்த நாளில் எது அவளுடைய படிப்பு, எது குடும்பத்துக்கு அவள் தரும் உழைப்பு என்பதை முதலில் பிரித்தாக வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணி வந்திருக்கிறீர்கள் என்பது என் கருத்து.

படிப்புக்குரிய இடம் டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் பாடவாரியான மதிப்பெண் பட்டியல். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் படித்த ஒவ்வொரு பாடத்தின் பெயர், ஆண்டு, கிரெடிட் எனப்படும் பாட அலகு, தரம் ஆகியவை ஒரே பக்கத்தில் அமைய வேண்டும். ஏறத்தாழ 120 மணி நேரப் படிப்பை ஒரு கிரெடிட்டாகக் கொள்வது நெடுங்கால வழக்கம். எந்த நூல், எந்தெந்த அதிகாரங்கள், என்ன கட்டுரைகள், எப்படி மதிப்பிட்டீர்கள் என்பதைப் பாடத்துக்கு ஒரு பத்தியாகத் தனித்தாளில் எழுதி இணையுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இதை இந்தக் கோடையிலேயே செய்து முடியுங்கள். பழைய நோட்டுப் புத்தகங்களை இடம் அடைக்கின்றன என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

குடும்ப உழைப்புக்கும் விண்ணப்பத்தில் மதிப்பான இடம் இருக்கிறது. பல நூறு கல்லூரிகள் ஏற்கும் காமன் ஆப் விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கென 10 கட்டங்கள் உள்ளன. அவற்றுள் குடும்பப் பொறுப்புகள் என்றே ஒரு வகை உண்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றும் கேட்கிறார்கள். தம்பிக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது அங்கே இடம்பெற வேண்டும். அதைக் கல்வியியல் என்றும், சமையலை மனையியல் என்றும் பெயர் மாற்றி மதிப்பெண் பட்டியலில் ஏற்றினால், உண்மையாகப் படித்த வேதியியலின் மீதும் சந்தேகம் விழும்.

இந்தக் கணக்குக்காக இரண்டு வாரம் ஒரு நேரக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அதை மகளே எழுதட்டும். பெற்றவர்களின் கணக்கில் மூத்த மகளின் வீட்டு வேலை எப்போதும் குறைவாகத்தான் தெரியும். இடையூறின்றி அவள் தன் பாடத்தில் அமர்ந்த நேரம் ஒரு நாளில் 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்குமானால், பதினொன்றாம் வகுப்பை இதே ஒழுங்கில் தொடங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். காலைப் பொழுதை அவளுக்குக் கொடுங்கள். 14 வயது மகன் பாத்திரம் துலக்குவதிலோ துணி மடிப்பதிலோ குறைந்துபோக ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தில் அவன் பெயர் வேலைகளின் வரிசையில் ஓரிடத்திலும் வரவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் நிறைந்த பக்தியுள்ள வீடுகளில் மூத்த பெண் சொல்லாமலே இரண்டாவது தாயாகிவிடுகிறாள், அவளுடைய பணிவையே எல்லோரும் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார்கள். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில், இயேசு வந்த வீட்டில் பணிவிடை செய்த மார்த்தாளின் உழைப்பு இழிவாகப் பேசப்படவில்லை; ஆனால் அவர் சொன்னதை உட்கார்ந்து கேட்ட அவளுடைய சகோதரி மரியாளை எழுப்பி அடுப்படிக்கு அனுப்பவும் இல்லை. நீங்கள் வேதம் வாசிக்கும் குடும்பம் என்பதால் இதைச் சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, வீட்டுக்கு வெளியிலிருந்து வரும் சான்றுகள். தாய் போட்ட மதிப்பெண் நேர்மையானதாகவே இருந்தாலும், அதற்குத் துணைநிற்க வேறொருவர் போட்ட மதிப்பெண்ணும் தேவை. இதற்கு மிகச் சிறந்த வழி, இரண்டாண்டுப் படிப்புகளை நடத்தும் உங்கள் பகுதிச் சமுதாயக் கல்லூரியில் டூயல் கிரெடிட் முறையில் உயர்நிலைப் படிப்பின்போதே கல்லூரிப் பாடங்களைப் படிப்பது. டிஎஸ்ஐ எனப்படும் தகுதித் தேர்வில் தேறினாலோ, அதற்கு ஈடான மதிப்பெண்களைக் காட்டினாலோ அனுமதி கிடைக்கும். டெக்சாஸின் அரசுக் கல்லூரிகளுக்கிடையே 42 கல்லூரி கிரெடிட் கொண்ட பொது அடிப்படைப் பாடத்தொகுப்பு செல்லுபடியாவதால், அங்கே படித்தது பின்னர் பல்கலைக்கழகத்திலும் கணக்கில் வரும். ஆனால் அந்தத் தரம் அவளுடைய கல்லூரிப் பதிவில் நிலையாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். முதல் பருவத்தில் ஆங்கிலக் கட்டுரை வகுப்பு ஒன்றை மட்டும் எடுத்துப் பார்க்கட்டும்.

கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி பொதுத் தேர்வையும் தவிர்க்க முடியாது. வகுப்பில் அவள் ஒருத்தியே என்பதால் தரவரிசை இல்லை. அதே அளவு தேர்வு மதிப்பெண் பெற்ற விண்ணப்பதாரர்களின் சராசரித் தரவரிசையில் அவளை வைக்குமாறு டெக்சாஸ் சட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குச் சொல்கிறது. ஆகவே மற்றப் பிள்ளைகளைவிட அவளுக்கு அந்த மதிப்பெண் முக்கியமானது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2025 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து இத்தேர்வையோ இதற்கு இணையான ஏசிடி தேர்வையோ மீண்டும் கட்டாயமாக்கியுள்ளது. பதினொன்றாம் வகுப்பின் அக்டோபரில் நடக்கும், எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி தேர்வே நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு வாயில். அதை எழுத அருகிலுள்ள பள்ளி ஒன்றின் இசைவு வேண்டும் என்பதால், கோடை விடுமுறைக்கு முன்பே அந்தப் பள்ளியின் ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

செவிலியர் படிப்பைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டுப் பாடத்திட்டத்தின் பலவீனமான இடம் ஆய்வகம். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றில் ஆய்வகத்துடன் கூடிய நல்ல தரம் இல்லாமல் செவிலியர் பிரிவில் இடம் பெறுவது கடினம். பைபிள் நோக்கில் எழுதப்பட்ட உயிரியல் நூலையே பயன்படுத்துவதாகச் சொல்கிறீர்கள். இத்தகைய நூல்களைக் கொண்டு நடத்தப்பட்ட சில பாடங்களைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைத் தகுதிக்கு ஏற்க மறுத்தபோது, கிறிஸ்தவப் பள்ளிகளின் அமைப்பு ஒன்று 2005-இல் வழக்குத் தொடுத்தது. 2008-இல் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பு வந்தது, 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டெக்சாஸில் இதே சிக்கல் வரும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் எந்த நூலை வாசித்தாலும், பொதுவான பாடநூலைக் கொண்டு ஆய்வகத்துடன் நடத்தப்படும் உயிரியல் பாடம் ஒன்றைச் சமுதாயக் கல்லூரியில் அவள் படித்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. பரிணாமத்தைப் பற்றி அந்த வகுப்பில் கேட்பதால் அவளுடைய விசுவாசம் கலைந்துவிடும் என்று அஞ்சினால், 18 வயதில் தனியாகக் கேட்பதைவிட உங்கள் மேசையில் விவாதிக்க முடிகிற இந்த வயதில் கேட்பது நல்லது.

இரண்டு ஆண்டு அசோசியேட் பட்டம், பிஎஸ்என் எனப்படும் நான்கு ஆண்டு செவிலியர் இளநிலைப் பட்டம் ஆகிய இரண்டில் எதை முடித்தாலும் எழுதுவது என்கிளெக்ஸ்-ஆர்என் என்ற அதே உரிமத் தேர்வுதான். முதலாவதை முடித்துப் பணியில் சேர்ந்து, பிறகு பிஎஸ்என் படிப்பவர்கள் ஏராளம். இதைக் கௌரவக் குறைவாக எண்ண வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உங்கள் குடும்பத்தின் அளவு. கூட்டாட்சி அரசின் நிதி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தில், ஒரே வீட்டிலிருந்து எத்தனை பேர் கல்லூரியில் படிக்கிறார்கள் என்பது முன்பு ஒவ்வொருவரின் உதவியையும் கூட்டியது. 2024-25 கல்வியாண்டிலிருந்து அந்தச் சலுகை கணக்கீட்டில் இல்லை. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை இன்னும் கணக்கில் வருகிறது என்றாலும், இரண்டாண்டு இடைவெளியில் மகனும் கல்லூரிக்குப் போகும்போது செலவு ஏறக்குறைய இரட்டிக்கும். எல்லோரிடமும் கிரீன் கார்டு இருப்பதால் விண்ணப்பிக்கத் தடையில்லை. தற்காலிக வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் உங்கள் நண்பர்களுக்கு இந்த உதவி கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைத் தாய் எழுதினால் மதிப்பில்லை. போதகரின் கடிதம் நற்குணத்துக்குச் சான்றாகுமே தவிரப் படிப்புக்கு ஆகாது. கல்லூரி வகுப்பின் ஆசிரியர் ஒருவர் எழுதுவதே சிறந்தது.

நாலு பேரோடு பழகத் தெரியாமல் போய்விடுமோ என்ற அச்சத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கைக்குழந்தை முதல் சபையின் முதியவர்கள் வரை எல்லா வயதினரோடும் அவள் தினமும் பேசுகிறாள். உறவினரோ சபையாரோ அல்லாத ஒருவரின் கீழ் வேலை செய்து பழகவில்லை என்பதே அவளிடம் உள்ள குறை. மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ வாரம் ஒரு நாள் தன்னார்வப் பணிக்குச் செல்லட்டும். செவிலியர் வேலை அவளுடைய விருப்பமா, உங்கள் வாழ்க்கையைப் பார்த்து வந்த ஆசையா என்பதும் அங்கே அவளுக்கே தெரிந்துவிடும். டெக்சாஸில் 15 வயதிலேயே ஓட்டுநர் பழகுநர் உரிமம் பெறலாம், பெற்றோரே கற்றுக்கொடுக்கவும் அனுமதி உண்டு. இன்னும் தொடங்கவில்லை என்றால் உங்கள் கணவர் இந்த மாதமே அதைத் தொடங்கட்டும்.

14 வயது மகன் வரும் ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். அவனுடைய மதிப்பெண் பட்டியலை வகுப்பு தொடங்கும் முதல் வாரத்திலேயே திறந்துவிடுங்கள். அதைப் பராமரிக்கும் வேலையையும் மூத்தவளிடம் ஒப்படைத்துவிட வேண்டாம்.