வேலைக்குப் போகும் தாய் உடற்பயிற்சிக்கும் உடை அழகுக்கும் நேரம் ஒதுக்குவது எப்படி?

அலுவலகத்தையும் இரண்டு குழந்தைகளையும் கவனித்துக்கொண்டு, உடற்பயிற்சிக்கும் நன்றாக உடுத்திக்கொள்வதற்கும் எங்கே நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், அதை ஒவ்வொரு முறையும் 10 நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கைவிட்டுவிட்டது. ஆகவே மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் இறங்கி அலுவலகம் வரை வேகமாக நடப்பதும், அங்கே மாடிப்படி ஏறுவதும் கணக்கில் சேரும்.

நான் விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். அந்த அரைமணி நேரம் அடுப்படியும் பிள்ளைகளும் கணவர் பொறுப்பு என்று முடிவான பிறகுதான் இந்தப் பழக்கம் நிலைத்தது. வீட்டில் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

உடைக்கு ஞாயிறு மாலை போதும்: ஐந்து நாளுக்கானவற்றைத் தேய்த்து, ரவிக்கையோடு சேர்த்து மடித்து வைத்துவிடலாம். மதுரை வெயிலுக்கு, முடிச்சிட்டுச் சாயமேற்றிய சுங்குடிப் பருத்திச் சேலையே என் தேர்வு.