உடும்புக் கூண்டில் என்ன மண் போடலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கூண்டின் தரையைப் பற்றியவை. சப்ஸ்ட்ரேட், அதாவது கூண்டின் தரையில் நிரப்பும் மண்ணோ வேறு பொருளோ, என்றதும் தரைவிரிப்பு மாதிரி ஒன்றை நினைத்துக்கொண்டு சிலர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான தரைவாழ் உடும்புகள் அந்த மண்ணுக்குள்தான் குடியிருக்கின்றன என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மண்ணை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும், செய்தித்தாள் மட்டும் போடுங்கள் என்கிறார்கள். அதுதான் பாதுகாப்பா?

இரையைக் கவ்வும்போது கொஞ்சம் மண்ணும் சேர்ந்து உள்ளே போகத்தான் செய்யும். காட்டு உடும்புக்கும் இது வழக்கம்தான். நலமாக இருக்கும் உடும்பு அதை எச்சத்தோடு வெளியேற்றிவிடும். அடைப்பு வந்த உடும்பைப் பார்த்தால், பெரும்பாலும் மண்ணுக்கு முன்னால் வேறொரு கோளாறு இருக்கும். விளக்கடியில் வெயில் காய்வதுபோல் காயும் இடத்தில் சூடு போதாமல் செரிமானம் மந்தமாகியிருக்கும், அல்லது உடம்பில் நீர் வற்றியிருக்கும். ஆப்பிரிக்காவின் சவன்னா, ஆஸ்திரேலியாவின் சிறிய ஆக்கி போன்ற உடும்புகள் காயும் கல்லின் மேற்பரப்பு 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். காற்றின் வெப்பத்தை அளந்துவிட்டுச் சரி என்று விட்டுவிடாதீர்கள், கல்லையே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். கூண்டின் குளிர்ந்த முனை 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும்.

நான் உண்மையிலேயே தவிர்க்கச் சொல்வது வேறு சில பொருட்களை. கால்சியம் மணல் ஈரம் பட்டதும் கட்டிதட்டும். வால்நட் ஓட்டுத் துகளுக்குக் கூர்முனை உண்டு. மக்காச்சோளச் சக்கைத் துகள் ஊறி உப்பும், பூஞ்சையும் பிடிக்கும். விழுங்கும் அளவுள்ள கூழாங்கல்லும் வேண்டாம்.

செய்தித்தாளுக்கும் இடம் உண்டு. புதிதாக வந்த உடும்பைத் தனியே வைத்து எச்சத்தைக் கவனிக்கும்போது, உண்ணி மருந்து போடும்போது, காயமோ தையலோ ஆறும்போது அதுதான் நல்லது. அந்தக் காலம் முடிந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

சவன்னா உடும்பு வைத்திருக்கிறேன். வறண்ட நிலத்துப் பிராணிதானே, காய்ந்த மணல் போதுமா? எவ்வளவு ஆழம் வேண்டும்?

போதாது. இந்த எண்ணம் எத்தனையோ சவன்னா உடும்புகளின் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆப்பிரிக்கப் புல்வெளியில் மேலே காற்று காய்ந்து கிடக்கும்போதும் வளைக்குள் ஈரப்பதம் இருக்கும். உடும்பு வெயில் காய வெளியே வரும், மற்ற நேரத்தில் அந்த ஈரமான இருட்டுக்குள் ஒடுங்கும். நம் கூண்டில் மேலே சுடும் விளக்கு, கீழே காய்ந்த மணல் என்றால் ஒவ்வொரு மூச்சிலும் நீரை இழந்துகொண்டே இருக்கும். தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தாலும் அந்த இழப்பு முழுதாக ஈடாகாது. நாளடைவில் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் மூட்டுகளிலும் உள்ளுறுப்புகளிலும் படியும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

உரமோ பூச்சிமருந்தோ பெர்லைட்டோ (தொட்டி மண்ணில் கலக்கும் வெள்ளைத் துகள்) கலக்காத மேல்மண் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு, கழுவிய மணல் மீதி. இந்தக் கணக்கில் தொடங்குங்கள், ஆனால் கணக்கைவிடக் கையை நம்புங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். நீர் சொட்டினால் ஈரம் அதிகம். அப்புறம் கூண்டில் மண்ணை அழுத்திப் போட்டு, கைமுட்டியால் ஒரு சுரங்கம் குடைந்து பாருங்கள். கூரை இடியாமல் நின்றால் உடும்புக்கும் நிற்கும். தென்னை நார்த்தூளை மட்டும் போட்டால் சுரங்கம் நிற்காது, காய்ந்ததும் தூசியாகப் பறக்கும். மண்ணோடு கொஞ்சம் கலந்துகொள்ளலாம்.

வளர்ந்த சவன்னாவுக்கு 60 செ.மீ. ஆழம் கொடுங்கள். ஆக்கி போன்ற சிறிய உடும்புக்கு 30 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். எடையையும் முன்பே யோசியுங்கள்: 240 செ.மீ. நீளமும் 120 செ.மீ. அகலமும் உள்ள கூண்டில் 60 செ.மீ. மண் போட்டால் 1.7 கன மீட்டர் வரும், அது இரண்டு டன்னுக்கு மேல். மாடியில் வைக்கும் வேலை இல்லை இது. மரக்கூண்டு என்றால் உள்ளே குளத்துக்குப் போடும் தடித்த ரப்பர் விரிப்பை மடித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பலகை உளுத்துவிடும்.

தண்ணீரை மூலையில் ஊற்றி அடிவரை இறங்க விடுங்கள். மண்ணின் மேற்பரப்பு காய்ந்திருந்தால் பரவாயில்லை. நாள் முழுக்க மேற்பரப்பு சொதசொதவென்று இருந்தால்தான் வயிற்றுப் பக்கத் தோலில் கொப்புளமும் புண்ணும் வரும்.

பைன் மரச்சீவல் வாசனையாகவும் சுத்தமாகவும் இருக்கிறது. போடலாமா?

வேண்டாம். அந்த வாசனைதான் பிரச்சினை. பைன், சீடார் மரங்களின் எண்ணெய் ஆவி மூச்சுக்குழாயை உறுத்தும், அடைப்பான சூடான கூண்டில் அது இன்னும் அதிகம். சீடார் மிக மோசம். மரப்பொருள்தான் வேண்டும் என்றால் சைப்ரஸ் பட்டைத்துகள் பரவாயில்லை, ஆனால் அதில் வளை தோண்ட முடியாது.

மண்ணுக்கு அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) வைத்திருக்கிறேன். மேலே பெரிய பாறை. உடும்பு அதன் கீழேயே தோண்டுகிறது.

இன்றே இரண்டையும் மாற்றுங்கள். மண்ணுக்குள் போனால் குளிர்ச்சி கிடைக்கும் என்பதுதான் உடும்பின் இயல்பறிவு. அடியில் மேட் இருந்தால், சூட்டிலிருந்து தப்பப் போய்ச் சூட்டின் மேலேயே படுத்துச் சுட்டுக்கொள்ளும். வெப்பம் மேலிருந்து மட்டும் வரட்டும். பாறை மண்ணின் மேல் உட்கார்ந்திருந்தால் தோண்டத் தோண்டச் சரிந்து உடும்பை நசுக்கும். முதலில் பாறையைக் கூண்டின் அடித்தளத்தில் நேரடியாக நிறுத்துங்கள், பிறகு சுற்றிலும் மண்ணை நிரப்புங்கள்.

மண்ணில் வெள்ளைப் பூஞ்சை வருகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மாற்ற வேண்டுமா?

புது ஈரமண்ணில், குறிப்பாக மரத்துண்டு இருந்தால், முதல் சில வாரங்களில் வெள்ளைப் பூஞ்சை வருவது சகஜம். அந்த இடத்தை அள்ளிவிட்டுக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். ஸ்பிரிங்டெயில் என்ற குட்டிப் பூச்சிகளை விட்டால் பூஞ்சையைத் தின்று குறைக்கும். ஐசோபாடு என்ற, மட்கிய இலையைத் தின்னும் குட்டிப் பிராணிகளும் உதவும், ஆனால் உடும்பு அவற்றையும் தின்றுவிடும் என்பதால் இலைச்சருகு நிறையப் போட்டு அவை ஒளிய இடம் கொடுங்கள். இவை இருந்தாலும் பெரிய எச்சத்தை நீங்கள்தான் அன்றன்றே அள்ள வேண்டும், கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி தொற்றும் பயம் உண்டு. மண் புளித்த நாற்றம் அடித்தால் மட்டும் மொத்தமாக மாற்றுங்கள்.

நீர் உடும்புக்கும் பச்சை மர உடும்புக்கும் இதே மண்தானா?

நீர் உடும்புக்கு இதே மண் சரி, கூடவே முழு உடம்பும் மூழ்கும் தொட்டி வேண்டும். தொட்டியைச் சுற்றி மண் சேறாகும் என்பதால் அங்கே பெரிய தட்டையான கற்களைப் பதியுங்கள். மர உடும்பு தரைக்கு அதிகம் இறங்காது. அதற்கு மண்ணின் வேலை காற்றை ஈரமாக வைப்பதுதான், ஈரம் தாங்கும் கலவையும் மேலே இலைச்சருகும் போதும்.

என் பெண் உடும்பு ஒரு வாரமாகக் கூண்டு முழுக்கத் தோண்டுகிறது, சாப்பிடவும் இல்லை. ஆணோடு சேர்ந்ததே இல்லை.

சேராவிட்டாலும் பெண் உடும்புக்கு முட்டை உருவாகலாம். இடம் பிடிக்காவிட்டால் அங்கங்கே தோண்டிப் பார்த்துவிட்டு முட்டையை உள்ளேயே வைத்துக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. இப்போதே ஒரு மூலையில் மண்ணை அழுத்தி, முடிந்த அளவு ஆழமாக, ஈரமாக நிரப்புங்கள். அந்த இடம் 28 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்கட்டும், வெளிச்சமும் நடமாட்டமும் வேண்டாம். மண் மாறும்வரை காத்திருக்காமல், ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் நாளையே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சோர்ந்து படுத்தாலோ பின்கால் துவண்டாலோ நாளை வரைகூடப் பொறுக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.