டயர் தடத்தில் புல் முளைத்துவிட்டால் சதுப்பு நிலம் சரியாகிவிட்டதா?

கேள்வி: நண்பர்களோடு ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் சதுப்பு நிலத்துக்குள் ஓட்டுவது எங்கள் பொழுதுபோக்கு. டயரில் காற்றைக் குறைத்துவிட்டுத்தான் இறங்குகிறோம். தடம் விழுந்த இடத்தில் அடுத்த பருவத்திலேயே புல் வந்துவிடுகிறது. அப்படியும் பெரிய கெடுதல் என்கிறார்களே, ஏன்? பழைய தடங்களை வெளியிலிருந்து மண் கொண்டுவந்து நாங்களே மூடிவிடலாமா?

பதில்: புல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். மழை பெய்து ஓய்ந்ததும் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். தடம் விழாத சதுப்பில் தண்ணீர் வாய்க்கால் பிடித்து ஓடாது. நிலம் முழுக்க மெல்லிசாகப் பரவி, தண்டுகளுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து போகும். அப்படி ஊர்வதால்தான் வண்டல் படிகிறது, நீர் தெளிகிறது. சரிவை ஒட்டி ஒரு சாண் ஆழத்தில் டயர் தடம் விழுந்தால் அதுவே வடிகாலாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே விழுந்தால், ஓரத்தில் பிதுங்கிய மண் வரப்பாக நின்று நீரை மறிக்கும். ஒரு பக்கம் தேங்கும், மறுபக்கம் காயும். புல் முளைத்த பிறகும் இது மாறுவதில்லை. முளைத்தது பழைய புல்தானா என்றும் உற்றுப் பாருங்கள். வேறெங்கோ டயரில் ஒட்டிய விதையிலிருந்து வந்த களையாகவும் இருக்கலாம்.

அப்புறம் மண். ஈரத்தில் அதற்குப் பளு தாங்கும் வலு கிடையாது, நுண்துளைகள் நசுங்கிவிடும். தடத்துக்கு வெளியே ஒரு கைப்பிடி மண்ணைக் கிளறினால் வேரும் புழுத்துளையுமாகப் பிரியும். தடத்தின் அடியில் எடுத்தால் தகடு தகடாகப் பெயரும். அதற்குள் வேர் இறங்கச் சிரமப்படும், நீரும் எளிதில் இறங்காது. மேலே தேங்கும் குட்டையை நம்பித் தவளை முட்டையிடும். தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கும் முன்பே அது வற்றிவிடலாம், இல்லையென்றால் அடுத்த வண்டி அதன்மேல் ஏறும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

பாதி மக்கிய தாவரங்கள் சேர்ந்து உருவான பீட் நிலம் என்றால் நிலைமை இன்னும் மோசம். பீட் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். 30 சென்டிமீட்டர் தடம் என்பது சில நூற்றாண்டுச் சேமிப்பு. அது வடிந்து காய்ந்தால், பிடித்து வைத்திருந்த கார்பனும் காற்றில் கலக்கும்.

காற்றைக் குறைத்தால் மேல்மண்ணில் அழுத்தம் குறையும், உண்மைதான். ஆனால் ஆழத்தில் மண் இறுகுவது பெரும்பாலும் சக்கரத்தின் மேலுள்ள எடையைப் பொறுத்தது. அந்த எடை அப்படியேதான் இருக்கிறது. சக்கரம் நழுவிச் சுழன்றால் வேரை அறுத்துவிடும். அதனால் முதலில் இறங்கி நடந்து பாருங்கள். குதிகாலை ஊன்றி அழுத்தும்போது தண்ணீர் கசிந்தால், அங்கே வண்டியை விடக் கூடாது. அனுமதித்த பாதையிலேயே சேறு குறுக்கிட்டாலும் ஓரமாகச் சுற்றிப் போகாதீர்கள். ஒவ்வொருவரும் அப்படி ஒதுங்கித்தான் ஒற்றைத் தடம் மைதானமாக விரிகிறது. திரும்பிவிடுங்கள்.

இந்த விளையாட்டையே விடச் சொல்லவில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் 1974-இல் அமைந்த பிக் சைப்ரஸ் தேசியப் பாதுகாப்பகத்தில், சதுப்பு வண்டிகள் நினைத்த பக்கமெல்லாம் ஓடித் தடங்கள் வலைபோலப் பின்னிக்கிடந்தன. 2000-இல் வந்த திட்டம் வண்டிகளைத் தடை செய்யவில்லை. குறித்த பாதைகளில் மட்டும், அதுவும் முதன்மைப் பாதைகள் 400 மைலுக்கு மிகாமல் என்று வரம்பு கட்டியது. எனக்கு இது நியாயமான வழியாகப் படுகிறது.

சரி, பழைய தடங்கள். வெளி மண் வேண்டவே வேண்டாம். அதோடு களை விதையும் வரும். நிலத்துக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும், நிலம் ஓரளவு உலர்ந்திருக்கும் காலத்தில் கைக்கருவிகளோடு போங்கள். தடத்தில் முட்டையோ தலைப்பிரட்டையோ இருந்தால் அதைத் தொடாதீர்கள். இல்லையென்றால் அடிமண்ணைத் தோட்ட வேலைக்கான முள்கரண்டியால் தளர்த்தி, ஓரத்தில் பிதுங்கிய மண்ணையே உள்ளே இழுத்துவிடுங்கள். சரிவோடு நீளும் தடத்தில், அங்கேயே கிடக்கும் பட்ட கிளைகளை இடைவெளி விட்டுக் குறுக்கே பதித்தால் ஓட்டத்தின் வேகம் குறையும். மறுபடி யாரும் நுழையாதபடி தடத்தின் வாயையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்த வேலை வீண். பீட் நிலமாக இருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம், அனுபவமுள்ள மீட்புக் குழுவிடம் விட்டுவிடுங்கள்.