பத்தாம் நாளே கொதித்து நின்ற பழைய கார்

கேள்வி: 2012 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை 1,70,000 ரூபாய்க்கு வாங்கினோம். பார்க்கப் போனபோது மாலை 7 மணி. எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றினோம், நன்றாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் வேலூர் போகும் வழியில் கொதித்து நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, 18,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். 'உள்ளபடி விற்றேன்' என்கிறார் விற்றவர். அவரிடம் பணம் கேட்க முடியாதா? திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பெயர் மாற்றாமலே வைத்திருக்கிறோம்.
- ஒரு வாசகி, ஆரணி

பதில்: 'எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது' என்ற வரியைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. முப்பது ஆண்டுகளாக ஒர்க்ஷாப் நடத்துகிறேன். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பகலில் போங்கள், போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள் என்பதுதான். சூடாக இருந்தால், 'நாளை வருகிறேன், ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்' என்று திரும்பிவிட வேண்டும். எஞ்சின் ஆறியிருந்தால்தான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியும். தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர்போல வெளுத்துப் படிந்திருந்தாலோ கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். ஐந்து நிமிட வேலை அது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் உடன் வந்திருந்தால் செய்திருப்பார்.

விற்றவர் தெரிந்தே மறைத்தாரா என்று நான் சொல்ல முடியாது. வெப்ப முள் ஏறிய பிறகும் ஓட்டினால், நல்ல கேஸ்கெட்டும் போய்விடும். முள் ஏறியதும் நிறுத்தினீர்களா? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வியாபாரி அல்லாத தனி ஆள் விற்கும் பொருளின் தரத்தைப் பார்த்து வாங்குவது பொதுவாக வாங்குபவர் பொறுப்பு. எஞ்சினில் குறையில்லை என்று அவர் எழுத்தில் உறுதி தந்திருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். இல்லையென்றால் பாதிச் செலவை ஏற்கும்படி நயமாகக் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

எனக்குப் பெரிய வருத்தம், நீங்கள் பெயர் மாற்றாமல் இருப்பதில்தான். வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். விபத்து இழப்பீட்டுக்கு, ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றிதழில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் ஓட்டும்போது யாருக்காவது அடிபட்டால் வழக்கு விற்றவர் வீட்டு வாசலுக்குப் போகும். அவர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை அவர் தலையில் சுமத்துவது நியாயமில்லை, அம்மா. காப்பீட்டையும் உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

வண்டியைச் சரிசெய்யும்போது, ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் விசிறி, தண்ணீர் ஹோஸ் மூன்றையும் சோதிக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால், அடுத்த வேலூர்ப் பயணத்திலும் கொதிக்கும்.