வளர்ப்புப் பாம்பின் முட்டையை நாமே வெட்டிக் குட்டி வெளியே வர உதவலாமா?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன். பால் பைத்தன் (ball python) என்கிற சின்ன மலைப்பாம்பு, ஆறு முட்டை, இட்டு இன்றோடு 58 நாள். இரண்டு முட்டையைக் கீறிக்கொண்டு குட்டிகள் மூக்கை நீட்டிவிட்டன, மற்ற நான்கும் அசையாமல் கிடக்கின்றன, வெட்டலாமா என்று கேட்கிறீர்கள். இந்நேரம் டார்ச் லைட்டோடு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். முதலில் மூடியை மூடுங்கள், திறக்கத் திறக்க சூடும் ஈரமும் போய்விடும். இன்றிரவு கத்தரிக்கோல் வேண்டாம்.

நான் மிருக டாக்டர் இல்லை. சுங்கை சிப்புட்டில் லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் லைசென்ஸ் எடுத்துத்தான் பாம்பு வளர்க்கிறேன், இதுவரை மூன்று ஈடு முட்டை பொரிக்க வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் என் அனுபவம். பெரிய அளவில் வளர்க்கிறவர்கள் 55-ம் நாள் வாக்கில் எல்லா முட்டையையும் வரிசையாக வெட்டிவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். அவர்கள் ஆயிரம் முட்டை பார்த்த கை. அதைக் காட்டி என்னைத் திட்ட வராதீர்கள். வீட்டில் ஒரு பெட்டி வைத்திருக்கிற நம்மைப் போன்ற ஆளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்றுதான் சொல்கிறேன்.

முதல் ஈட்டில் ஐந்து முட்டை. மீன் கடையில் வாங்கிய வெள்ளை போம் பெட்டி, ஈரம் காக்கிற வெர்மிகுலைட் துகள், சூட்டை ஒரே அளவில் வைக்க ஒரு தெர்மோஸ்டாட், சூடு 31.5 டிகிரி. எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசி வாரத்தில் முட்டைகள் பள்ளம் விழுந்து சுருங்க ஆரம்பித்தன. அது பொரிக்கப் போகிற அடையாளம் என்று எனக்கு அப்போது தெரியாது. காய்ந்து சாகிறது என்று நினைத்துவிட்டேன். 53-ம் நாள் ராத்திரி, ஒரு முட்டைகூடத் தானாகக் கீறியிருக்கவில்லை, நகம் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்தேன்.

பாம்பு முட்டையின் ஓடு கோழி முட்டை மாதிரி உடையாது. ஈரத் தோலை வெட்டுகிற மாதிரி இருக்கும். நான் வெட்டியது ரத்த நரம்பு ஓடுகிற பக்கம். ஒரு சிவப்பு நூல் மாதிரி ரத்தம் வந்தது, பிறகு முட்டைக்குள் இருந்த தண்ணீர் முழுவதும் சிவந்துவிட்டது. அந்தக் குட்டி விடிவதற்குள் செத்துப்போனது. அத்தோடு நிறுத்தினேனா, இல்லை. பக்கத்து முட்டையைத் திறந்தேன். குட்டி அசைந்தது, நாக்கைக்கூட நீட்டியது. உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு முட்டும் என்று நினைத்து மெதுவாக வெளியே இழுத்தேன். தொப்புளில் மஞ்சள் கருப் பை அப்படியே தொங்கிக்கொண்டு வந்தது. அதைக் குட்டி உள்ளே இருந்தே உறிஞ்சி முடிக்க வேண்டும், அதற்காகத்தான் தலையை நீட்டிய பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் முட்டைக்குள்ளேயே படுத்திருக்கிறது. எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. விடிந்ததும் ஈப்போவில் ஒரு கிளினிக்குக்குப் போன் செய்தேன், பாம்பு பார்ப்பதில்லை என்று வைத்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் அதுவும் போய்விட்டது. கை வைக்காமல் விட்ட மூன்றும் 57, 58-ம் நாளில் தாமாகவே கீறிக்கொண்டு வெளியே வந்தன.

இதில் எனக்கு வலிக்கிற விஷயம், நான் இதைப் பார்த்தே வளர்ந்தவன் என்பது. தோட்டத்து லயத்தில் என் பாட்டி கூடையில் உமியைப் போட்டுக் கோழி அடை வைப்பார். 21-ம் நாள் குஞ்சு ஓட்டைக் கொத்துகிற சத்தம் கேட்கும். நாங்கள் பிள்ளைகள் ஓட்டைப் பிய்க்கக் கையை நீட்டினால் புறங்கையில் அடி விழும். "அதுக்குத் தெரியும்டா, நீ தள்ளிப் போ" என்பார். ஆனால் கோழி முட்டைக்கும் பாம்பு முட்டைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, புதிதாக வளர்க்கிறவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். கோழி தன் முட்டையைப் புரட்டிப் புரட்டி விடும். பாம்பு முட்டையைப் புரட்டக் கூடாது, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் கடைசி வரை மேலே இருக்க வேண்டும். எடுத்து வைக்கும்போதே மேல்பக்கம் பென்சிலால் கோடு போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்காதீர்கள்.

இரண்டாவது ஈட்டில் கையே வைப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். ஆறு முட்டை, ஐந்து பொரித்தன. ஆறாவதை விட்டுவிட்டேன். ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். வாடை வந்த பிறகு திறந்து பார்த்தேன். உள்ளே முழுசாக வளர்ந்த குட்டி. கறுப்பும் பழுப்புமாக உடம்பில் கோலம் எல்லாம் முடிந்திருந்தது. மஞ்சள் கருவை உறிஞ்சி வயிறுகூட மூடியிருந்தது. மூக்கு மட்டும் முட்டையின் அடிப்பக்கத்தைப் பார்த்து இருந்தது. அந்த ஒன்றுக்கு நான் உதவியிருக்க வேண்டும். "இயற்கை பார்த்துக்கொள்ளும், தொடாதே" என்று எழுதுகிறவர்கள் இதையும் யோசித்துப் பார்க்க வேண்டும். போம் பெட்டியும் தெர்மோஸ்டாட்டும் இயற்கை இல்லை. தாய்ப் பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்துக் காக்கிற இனம் இது, அதனிடமிருந்து முட்டையை எடுத்தது நாம்தான்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பாம்புகளை வைத்து என் அக்கா மகளுக்கு வந்த ஒரு சம்பந்தம் நின்றுபோனது. பேச்சு எல்லாம் முடிந்து தட்டு மாற்றுகிற நேரத்தில், தாய்மாமன் வீட்டில் பாம்பு வளர்க்கிறாராமே, நாகதோஷம் ஒட்டிக்கொள்ளும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் மூன்று மாதம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை நாகம்மா புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம், மஞ்சள் தடவிக் கும்பிடுகிறோம். சனிக்கிழமை செம்பனைக் காட்டில் ஒரு பாம்பைக் கண்டால் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். செம்பனைப் பழத்தைத் தின்கிற எலியை அந்தப் பாம்புதான் பிடிக்கிறது. நான் வளர்ப்பதோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம், பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்ளும், விஷம் கிடையாது. அதைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையின் கல்யாணத்தை நிறுத்தியதை இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை. அவளுக்குப் போன தை மாதம் நல்ல இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது, அது வேறு.

சரி, உங்கள் நான்கு முட்டைக்கு வருகிறேன். மூன்றாவது ஈட்டில் நான் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். முதல் குட்டி தானாகக் கீறும் வரை எந்த முட்டையையும் தொடவில்லை. ஒன்று கீறிவிட்டால் ஈடு முழுவதும் ஏறக்குறைய அந்த வளர்ச்சியில்தான் இருக்கும், நாள் கணக்கைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை. அதற்குப் பிறகும் முழுசாக ஒரு நாள் விட்டேன். அதிலேயே இன்னும் மூன்று கீறிவிட்டன. மிச்சம் இரண்டு.

அறை விளக்கை அணைத்துவிட்டு முட்டையை இருந்த இடத்திலேயே வைத்து, சின்ன டார்ச்சை ஓட்டோடு ஒட்டிப் பிடித்தேன். சிவப்பு நரம்புகள் எங்கே ஓடுகின்றன என்று நன்றாகத் தெரியும். நரம்பு இல்லாத இடமாக, முட்டையின் உச்சியில், பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். கையைக் கழுவி, முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டேன். பள்ளம் விழுந்த இடத்தில் ஓட்டை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளித் தூக்கினால் உள்ளே இருப்பதிலிருந்து ஓடு விலகி நிற்கும். அங்கே ஒரு சென்டிமீட்டருக்குச் சின்ன சன்னல் மாதிரி வெட்டினேன். உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வில் நரம்பு இல்லாத இடமாகப் பார்த்து ஒரு சின்னக் கீறல். அதோடு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். குட்டியைத் தொடவில்லை, இழுக்கவில்லை, தலை எந்தப் பக்கம் என்று தேடவும் இல்லை. பெட்டியை மூடிவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது ஒரு குட்டி அந்தச் சன்னல் வழியாக மூக்கை வைத்திருந்தது. இன்னொன்று என் சன்னலைச் சீந்தவே இல்லை, பக்கவாட்டில் தானே இரண்டு கீறு கீறி அதன் வழியாக வந்தது. இரண்டும் மறுநாள் ராத்திரிதான் முழுசாக வெளியே வந்தன, வயிறு மூடி, சுத்தமாக.

அவசரப்பட்டு ஒன்று தொப்புளில் பையோடு வெளியே வந்துவிட்டால் அந்தப் பையை வெட்டவோ இழுக்கவோ வேண்டாம். சின்ன டப்பாவில் ஈர டிஷ்யூ போட்டு, குட்டியை அதில் விட்டு, அதே பெட்டிக்குள் திரும்ப வையுங்கள். முதல் தோல் உரிக்கும் வரை, ஒரு வாரம் பத்து நாளுக்குச் சாப்பாடும் கொடுக்காதீர்கள்.

உங்கள் இரண்டு குட்டிகள் எத்தனை மணிக்கு மூக்கை நீட்டின என்று எழுதவில்லை. அதிலிருந்து 24 மணி நேரம் ஆகட்டும். பிறகு மற்ற நான்கிலும் டார்ச் அடித்துப் பார்த்து, நரம்பு சிவப்பாகத் தெரிகிறதா, மங்கிப் பழுப்பாக இருக்கிறதா என்று இங்கேயே எழுதுங்கள். ராத்திரி வேலை முடிந்து வந்ததும் பார்க்கிறேன்.